குழாயடியில் கண்டதைத் தீசிஸில் எழுதலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எம்.எஸ்சி. நர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன், கம்யூனிட்டி ஹெல்த் பிரிவு. சொந்த ஊர் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்). எங்கள் தாலுகாவிலேயே ஓர் அரசுப் பள்ளியில் 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் 60 பேரை வைத்துத் தீசிஸ் செய்கிறேன். சுத்தம் பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெரியும், என்னென்ன பழக்கம் இருக்கிறது, மனப்பதற்றம் எவ்வளவு என்று மூன்றையும் பார்க்கிறேன். முதலில் ப்ரீ டெஸ்ட், பிறகு ஒரு மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் போஸ்ட் டெஸ்ட். இன்னொரு பள்ளியில் 10 பிள்ளைகளோடு பைலட் ஸ்டடி (முன்னோட்ட ஆய்வு) இப்போதுதான் முடிந்தது. மார்க் நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் போஸ்ட் டெஸ்ட் அன்று இன்டர்வெல்லில் குழாயடியில் நின்று பார்த்தேன். ஒரு பிள்ளைகூட சோப்பைத் தொடவில்லை. கைடு மேடத்திடம் சொன்னால், "உன் ஆப்ஜெக்டிவ்ல அது இல்லையேம்மா, மார்க்கை மட்டும் கொண்டு வா" என்கிறார். பதற்றத்துக்கு ஹாமில்டன் ஸ்கேல் வைத்திருக்கிறேன், சீனியர் கொடுத்தது. அது சரிதானா? கடைசியாக ஒன்று. ஒரு பெண் தாளின் பின்பக்கத்தில் "வீட்டுக்குப் போகவே பிடிக்கல" என்று எழுதியிருக்கிறாள். பெயர் எழுத வேண்டாம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லித்தான் தாள் கொடுத்தேன். கோட் நம்பரை வைத்து யார் என்று தெரிந்துகொள்ள முடியும். தெரிந்துகொள்ளலாமா?
(பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்:

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்தப் பகுதியை மட்டும் அச்சுக்குக் காத்திருக்காமல் உங்கள் மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். மற்ற மாணவிகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ரகசியம் காப்பதாகச் சொன்னது அந்தப் பிள்ளையைப் பாதுகாக்கத்தான். அவளுக்கே ஆபத்து இருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பது நர்ஸ் செய்கிற வேலை இல்லை. இன்னொன்றும் யோசியுங்கள். பெயர் வேண்டாம் என்று சொன்ன தாளிலும் அவளாகவே பின்பக்கம் திருப்பி எழுதியிருக்கிறாள். யாராவது படிக்கட்டும் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பாள்.

ஆனால் எப்படிப் போகிறீர்கள் என்பது முக்கியம். வகுப்பு வாசலில் நின்று "இந்த நம்பர் யாரு?" என்று கேட்டால் அந்த நிமிடமே எல்லாம் கெட்டது. தலைமை ஆசிரியர் அறைக்குத் தனியாக அழைத்தாலும் மதியத்துக்குள் பள்ளி முழுக்கப் பேச்சாகிவிடும். பைலட்டில் இருந்த பத்துப் பேரையும் உயரம், எடை, கண், பல் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவராக அழையுங்கள். நர்ஸ் அதைச் செய்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பார்க்க வேண்டியவையும்தான். அவள் முறை வரும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் உட்காரட்டும். கதவு திறந்தே இருக்கட்டும், பேச்சு வெளியே கேட்காத தூரத்தில் இருங்கள்.

"நீ எழுதினதைப் படிச்சேன். வீட்டுல எப்படி இருக்கு, சொல்றியா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்பா அடிக்கிறாரா, யாராவது தொடுகிறார்களா என்று வரிசையாகக் கேள்வி போடாதீர்கள். விசாரணை உங்கள் வேலை இல்லை. தலையை ஆட்டி வைக்கிற பிள்ளைகள் நாம் கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லிவிடும், பிறகு எது உண்மை என்று யாருக்கும் தெரியாமல் போகும். "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்று அவள் கேட்டால் சரி என்று தலையாட்டாதீர்கள். "உனக்கு உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், யார்கிட்ட சொல்றேன்னு உனக்கு முன்னாடியே சொல்லிடுவேன்" என்று சொல்லுங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறதா, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியிருக்கிறதா என்பதை நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் நிம்மதிதான் வரும்.

மோசமானதையே நினைத்துக்கொண்டு போகவும் வேண்டாம். அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார், வீட்டில் அப்பாவும் பாட்டியும் மட்டும் என்று இருக்கலாம். சாயங்காலம் குடி, சண்டை இருக்கலாம். அம்மா தேயிலை பறித்துவிட்டு வரும்வரை எஸ்டேட் லைன் வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. ஆனால் பாலியல் தொல்லை என்று தெரிந்தாலோ, அப்படி இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலோ, உங்களுக்கு முடிவெடுக்கும் உரிமை கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெரிந்த எவரும் போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் விடுவது குற்றம். வேறு வகைக் கொடுமை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் போகலாம். மனநலம் சார்ந்ததாக இருந்தால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரோ மனநல ஆலோசகரோ பார்க்க வேண்டும். இரவு நேரத்தில் ஒன்றும் புரியாவிட்டால் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. உங்கள் கைடிடமும் எத்திக்ஸ் கமிட்டியிடமும் நடந்ததை எழுத்தில் கொடுங்கள். பள்ளியில் தலைமை ஆசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இனி முதன்மை ஆய்வுக்கான படிவத்தில் ஒரு வரியை மாற்றுங்கள். "நீ எழுதுவதை யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடிய பெரியவர் ஒருவரிடம் சொல்வேன்." பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழிச் சம்மதம், அதற்கு மேல் 18 வரை எழுத்தில். உங்கள் பிள்ளைகள் எல்லோருமே எழுத்தில் தர வேண்டியவர்கள். பதற்றம் பற்றிய தாளைக் கொடுத்த அன்றே, பள்ளி விடும் மணி அடிக்கும் முன், எல்லாத் தாளையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் எக்ஸெலில் ஏற்றும்போதுதான் பார்ப்பது என்பது கூடவே கூடாது.

இப்போது குழாயடிக்கு வருவோம்.

உங்கள் கைடைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் ஏழெட்டு மாணவிகள், பல்கலைக்கழகத் தேதி நெருங்குகிறது, ஆப்ஜெக்டிவ் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் உங்கள் ஆய்வில் இதுவரை கிடைத்த ஒரே புதிய செய்தி, நீங்கள் இன்டர்வெல்லில் நின்று பார்த்ததுதான். ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு, அதே கேள்வித்தாளை ஒரு வாரம் கழித்துக் கொடுத்தால் மார்க் ஏறும். எந்தப் பள்ளியிலும் ஏறும், பாடம் சுமாராக எடுத்திருந்தாலும் ஏறும். ஒருமுறை பார்த்த கேள்வி என்பதாலேயே கொஞ்சம் ஏறும், ஏழு நாளில் மறந்திருக்காது என்பதால் இன்னும் கொஞ்சம். 'கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயன்திறன்' என்று தலைப்பிட்ட தீசிஸ்கள் நம் கல்லூரி நூலகங்களில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. பயன் இல்லை என்று முடித்த ஒன்றைத் தேடிப் பாருங்கள், லேசில் கிடைக்காது. எல்லா வகுப்பும் எல்லா இடத்திலும் பயன் தருகிறது என்றால், அளக்கும் முறையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே அறிவுக்கு ஒரு மார்க், பழக்கத்துக்கு இன்னொரு கணக்கு என்று பிரியுங்கள். பழக்கத்தைக் கேட்டு எழுதாதீர்கள். "கழிப்பறைக்குப் போய்வந்த பின் சோப்பால் கை கழுவுவாயா?" என்றால் 'எப்போதும்' என்ற கட்டத்தில்தான் டிக் விழும். பெரியவர்களிடம் கேட்டாலும் அப்படித்தான். சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இந்த இடைவெளி, கை கழுவுதல் பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நின்று பாருங்கள். வெள்ளைக் கோட்டோடு குழாயடியிலேயே நின்றால் உங்களைப் பார்த்துவிட்டுக் கழுவுவார்கள். சத்துணவுக்கூடத்துப் பக்கம் எங்காவது, தட்டோடு வரும் பிள்ளைகள் தெரியும் இடத்தில் இருங்கள். முதல் இரண்டு நாள் கணக்கைத் தள்ளிவிடுங்கள், அதற்குள் உங்களை மறந்திருப்பார்கள். தலைமை ஆசிரியர் அனுமதி வேண்டும். கழிப்பறைப் பக்கம் நின்று பார்க்கவே கூடாது, சாப்பாட்டுக்கு முந்தைய கை கழுவல் மட்டும் போதும்.

ஆள் நின்று பார்க்க முடியாத நாளுக்கு ஒரு வழி உண்டு. சோப்பை எடை போடுங்கள். சமையலறைத் தராசு போதும். திங்கள் காலை காய்ந்த சோப்பை நிறுத்து வையுங்கள், அடுத்த திங்கள் காலை மறுபடி நிறுங்கள். சாயங்காலம் நிறுத்தால் ஈரம் சேர்ந்து எடை கூடிக் காட்டும், கோத்தகிரிப் பனிமூட்டத்தில் சொல்லவே வேண்டாம். குறைந்த கிராமைப் பிள்ளைகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் உண்மை கிடைக்கும். அந்த எண் பொய் சொல்லாது, யார் வீட்டுக்கோ சோப்பே போய்விட்டால் தவிர.

சரி, ஏன் தொடவில்லை? இதைத்தான் உங்கள் கேள்வித்தாள் கேட்கவே இல்லை. நீங்கள் அந்த ஊர்க்காரர், என்னைவிட உங்களுக்குத் தெரியும். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை குத்தும். பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டிருக்கும். கை கழுவ ஸ்வெட்டர் கையை ஏற்ற வேண்டும், ஏற்றினால் இறங்கிவரும், மணிக்கட்டுப் பட்டி நனைந்தால் சாயங்காலம் வரை காயாது. துடைக்கத் துணி இல்லை. ஈரக்கையோடு காற்றில் நின்றால் தோல் வெடிக்கும், வெடித்த கையில் சோப்பு பட்டால் எரியும். சோப்பு இருந்தாலும் எங்கே இருக்கிறது? எச்.எம். அறை பீரோவுக்குள் இருக்கிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். வெளியே வைத்தால் காணாமல் போகிறது என்பார்கள். அதுவும் உண்மைதான். கழுவாத பிள்ளைக்கு அறிவு போதவில்லை என்று சொல்ல இதில் எங்கே இடம் இருக்கிறது?

உங்கள் பாடத்தில் ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். கிருமி போவதற்கு வெந்நீர் தேவையே இல்லை. கை தாங்குகிற சூட்டில் கிருமி சாகாது, சோப்பும் தேய்ப்பும்தான் அதைப் பிடுங்கி நீரோடு அனுப்புகின்றன. குளிர்ந்த தண்ணீரில் 20 நொடி தேய்த்தால் போதும். தேய்க்கும்போது குழாய் மூடியிருக்கலாம், தண்ணீரும் மிச்சம், குளிரும் குறைவு. நனைக்கவும் அலசவும்தான் தண்ணீர். "பச்சத் தண்ணியில கழுவினா பிரயோஜனம் இல்ல" என்று மலையில் நிறைய வீடுகளில் நம்புகிறார்கள். உங்கள் கேள்வித்தாளில் இதை ஒரு கேள்வியாக்கினால், "சாப்பிடும் முன் கை கழுவ வேண்டுமா?" என்ற கேள்வியை எடுத்துவிடலாம். அதற்கு யாரும் தப்பாகச் சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த கேள்வி எதையும் அளக்காது.

பாடத்தோடு கொஞ்சம் பொருளும் கொடுங்கள். சோப்பை ஒரு பழைய காலுறைக்குள் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் கரைந்து கூழாவதும் குறையும், காணாமல் போவதும் குறையும். சோப்புத் தூள் கரைத்த தண்ணீரை மூடியில் துளையிட்ட தண்ணீர் பாட்டிலில் வைப்பது பல நாடுகளில் நடக்கிற எளிய முறை, ஆனால் நீலகிரியில் அந்த பாட்டிலுக்குத் தடை. கல்லாறிலோ பர்லியாறிலோ சோதனைச் சாவடியில் கொடுத்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும். வீட்டில் இருக்கிற கனமான டப்பா ஒன்றைப் பாருங்கள். துணிச்சோப்புத் தூள் வேண்டாம், வெடித்த கைக்கு எரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தக் கைக்குட்டை ஒன்று இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே துண்டு என்றால் கண்வலியும் சொறியும் சேர்ந்து பரவும். வீட்டுக்குப் போனதும் கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள். பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் கை கழுவுவதை ஊக்கப்படுத்தினால் வயிற்றுப்போக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. இந்தக் காலுறையும் கைக்குட்டையும் இல்லாமல் அது நடக்காது.

சொறி என்றதும் ஞாபகம் வருகிறது. மாணவிகள் தயாரிக்கும் கேள்வித்தாள்களில் "சிரங்கு எதனால் வருகிறது?" என்று கேட்டு, "தினமும் குளிக்காததால்" என்பதைச் சரியான விடையாக வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். தவறு. அது தோலுக்குள் வளை தோண்டும் ஒரு பூச்சி. தோலோடு தோல் ஒட்டி இருப்பதால் பரவுகிறது. குளிருக்கு ஒரே கம்பளிக்குள் நாலு பேர் படுக்கிற வீட்டில் தினம் குளித்தாலும் வரும். ஒரு பிள்ளைக்கு வந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும், இல்லையென்றால் சுற்றிச் சுற்றி வரும். பேனும் அப்படித்தான், சுத்தமான தலையிலும் ஏறும். இதையெல்லாம் குளிக்காத குற்றம் என்று வகுப்பில் சொன்னால், சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை அன்றோடு உங்கள் பக்கம் திரும்பாது. பிறகு அதே பிள்ளையிடம் பதற்றம் அளக்கிறோம்.

மாதவிடாய் பற்றிய கேள்விகளிலும் இதே சிக்கல். "துணியைத் துவைத்து நேரடி வெயிலில் உலர்த்த வேண்டும்" என்பது சரியான விடை, ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் வெயிலை எங்கே தேடுவது? பந்தலூர், தேவாலா பக்கம் என்றால் ஆனியில் தொடங்கி ஆவணி வரை அதே கதை. அந்தப் பெண் சரியான விடையை எழுதிவிட்டு, வீட்டில் மற்றத் துணிக்கு அடியில் மறைத்து அடுப்படியில் உலர்த்துகிறாள். அரசின் 'புது யுகம்' நாப்கின் வருகிறது, ஆனால் பயன்படுத்தியதை எங்கே போடுவது, பள்ளியில் மாற்ற ஒரு தாழ்ப்பாள் உள்ள கதவு இருக்கிறதா? தாழ்ப்பாள் இல்லை என்றால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். குடித்தால் போக வேண்டுமே. சிறுநீர்க் கடுப்போடு வரும் பெண்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் மூன்று தலைப்பில் சுத்தமும் பதற்றமும் உண்மையில் சந்திப்பது அந்தக் கதவில்தான். தாழ்ப்பாள், தண்ணீர், சோப்பு, குப்பைத் தொட்டி நான்கும் இருக்கிறதா என்று ஒரு சரிபார்ப்புத் தாளை உங்கள் டூலோடு (ஆய்வுக் கேள்வித்தாளோடு) சேர்த்துவிடுங்கள். நிரப்ப பத்து நிமிடம்தான். அது இல்லாமல் பிள்ளைகளின் பழக்கத்தைப் பற்றி எழுதுவது, காலி அண்டாவைக் கொடுத்துவிட்டுச் சமைக்கத் தெரியவில்லை என்று சொல்வதுபோல.

ஹாமில்டன் வேண்டாம். மேக்ஸ் ஹாமில்டன் 1959இல் உருவாக்கிய அந்த அளவுகோலில் 14 வரிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. பதற்ற நோய் என்று ஏற்கெனவே கண்டறிந்தவர்களை மருத்துவர் பேட்டி கண்டு மதிப்பெண் போடுவதற்காகச் செய்தது. 13 வயதுப் பிள்ளை தானே டிக் போடுவதற்கு அல்ல. சீனியரிடமிருந்து ஜூனியருக்கு ஜெராக்ஸ் ஜெராக்ஸாக வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பெக் பதற்ற அளவுகோலும் வேண்டாம். அதன் 21 வரிகளில் மரத்துப்போதல், கை நடுக்கம் என்று உடம்பைப் பற்றியவைதான் நிறைய. டிசம்பர் காலை முதல் பீரியடில் கொடுத்தால் பதற்றத்தை அளக்க மாட்டீர்கள், குளிரை அளப்பீர்கள்.

ஸ்பீல்பெர்கர் பதற்ற அளவுகோலுக்குப் பிள்ளைகளுக்கான வடிவம் 1973இலேயே வந்தது. இந்த நிமிடம் எப்படி, பொதுவாக எப்படி என்று இருபது இருபதாகப் பிரித்துக் கேட்கும். நல்லது, ஆனால் உரிமம் வாங்க வேண்டும். 'ஸ்கேர்ட்' என்ற இன்னொன்று 8 முதல் 18 வயதுக்கு உரியது. 41 கேள்வி, பிள்ளைகள் பாதியில் சலித்துவிடும். உங்கள் நிலைமைக்கு ஜி.ஏ.டி.-7 என்ற பதற்ற அளவுகோல் போதும். 2006இல் வந்தது, ஏழே கேள்வி, கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும், மொத்தம் 21. ஐந்து, பத்து, பதினைந்து என்று எல்லைகள். இது சல்லடை மட்டுமே. பத்தோ அதற்கு மேலோ வந்த பிள்ளையை 'பதற்ற நோய்' என்று தீசிஸில் எழுதாதீர்கள், 'மேற்கொண்டு பார்க்க வேண்டியவர்' என்று எழுதுங்கள். யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு தாளைக் கொடுங்கள். எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் நாலைந்து பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி, "இதுக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்டுவிடுங்கள். வீட்டில் படுகு மொழி பேசுகிற பிள்ளையும் இருளர் பிள்ளையும் அதில் இருக்க வேண்டும்.

ஜி.ஏ.டி.-7இன் கடைசிக் கேள்வி, ஏதோ விபரீதம் நடந்துவிடும் என்று பயமாக இருந்ததா என்பது. உங்கள் ஊர்ப் பிள்ளை தேயிலைத் தோட்டத்து வழியாக ஒற்றையடிப் பாதையில் நடந்து வருகிறது. போன வாரம் அதே வளைவில் கரடி நின்றது. காட்டெருமை தினமும் நிற்கிறது. கூடலூர்ப் பக்கம் என்றால் யானை. "ஆமாம், கிட்டத்தட்ட தினமும்" என்று அந்தப் பிள்ளை டிக் போட்டால் அது நோயா? நல்ல புத்தி. எனவே எண்களுக்குக் கீழே ஒரு வெற்றிடம் விட்டு "எதை நினைத்து?" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பரீட்சை, கரடி, அப்பா, கறை பட்டுவிடுமோ என்ற பயம் என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் சராசரி மார்க்கைவிட அதில் விஷயம் இருக்கும். தெருவிளக்கும் பள்ளி வாகனமும் சரிசெய்யக்கூடிய பயத்துக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டாம்.

படபடப்பு, சோர்வு, மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பாருங்கள். ரத்தசோகையும் அப்படித்தான் பேசும். வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரை உள்ளே போகிறதா, ஜன்னல் வழியே வெளியே போகிறதா என்றும் விசாரியுங்கள். பழங்குடிப் பிள்ளை என்றால் அரிவாள் செல் (பரம்பரை ரத்தக் குறைபாடு) பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவில் அந்தக் குறைபாடு முதன்முதலில் பதிவானதே 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான்.

புள்ளியியலில் இரண்டு மட்டும் சொல்கிறேன். ஒன்று, பைலட் செய்த பள்ளியையோ வேறொன்றையோ ஒப்பீட்டுப் பள்ளியாக வையுங்கள், பாடத்தை அவர்களுக்கு ஆய்வு முடிந்தபின் கொடுங்கள். பைலட்டில் இருந்த பத்துப் பேரை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். போஸ்ட் டெஸ்ட் ஏழாம் நாள் இருக்கட்டும், முப்பதாம் நாள் இன்னொன்றும் வேண்டும். மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது, உங்கள் கல்லூரி விடாது. இரண்டு, கடைசி அத்தியாயத்தில் வயது, மதம், குடும்ப வருமானம், உடன்பிறந்தோர் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றோடும் தொடர்பு இருக்கிறதா என்று கை-ஸ்கொயர் சோதனை போடுவார்களே, அதைக் குறைத்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துச் சோதனை போட்டால், எதிலுமே உண்மைத் தொடர்பு இல்லாவிட்டாலும், ஏதாவது ஒன்றில் 'முக்கியத்துவம் உண்டு' என்று வந்துவிட 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பிறகு அந்த ஒன்றுக்கு விளக்கம் தேடி இரண்டு பக்கம் எழுதுகிறோம். உங்களுக்கு நிஜமாகவே சந்தேகம் இருக்கும் இரண்டு மூன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள், அவற்றை மட்டும் போடுங்கள்.

கைடிடம் எப்படிச் சொல்வது? பழைய ஆப்ஜெக்டிவைத் தொடாதீர்கள். "கண்டறிந்த அறிவுக்கும் நேரில் பார்த்த பழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை மதிப்பிடுதல்" என்று நான்காவதாக ஒன்றைச் சேர்க்க அனுமதி கேளுங்கள். பைலட்டின் இரண்டு எண்களையும் (ஏறிய மார்க், சோப்பைத் தொட்டவர்கள் எத்தனை பேர்) ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். எக்ஸாமினர் வைவாவில் "இதை ஏன் பார்த்தீர்கள்?" என்று கேட்பதைவிட, "பழக்கம் என்று தலைப்பில் இருக்கிறதே, நேரில் பார்த்தீர்களா?" என்று கேட்கும் வாய்ப்புதான் அதிகம். அதை அவரும் அறிவார். டூலும் படிவமும் மாறுவதால் எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்தக் கடிதம் போக வேண்டும், பதில் வரும்வரை முதன்மை ஆய்வைத் தொடங்க முடியாது.

அந்தத் தாமதம் நல்லதற்குத்தான். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. தேர்வுக்கு முந்தின வாரம் பதற்றம் அளந்துவிட்டு, தேர்வு முடிந்தபின் போஸ்ட் டெஸ்ட் வைத்தால் உங்கள் பாடத்தால்தான் பதற்றம் இறங்கியது என்று காட்டும். அதன் பிறகு படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வரும், கோயில் இருக்கும் பேரகணிக்குப் போக உங்கள் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், நீங்களும் இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம் தொடங்குங்கள். பனியும் அப்போது இருக்கும், குழாயடிக் கணக்குக்கு அது வேண்டும்.